விரல்முட்டியால் ரெண்டு தட்டு

எபிசனுக்கு ஒரு வார்த்தை வெளியே வர வேண்டுமானால் முதலில் வலது தொடையில் ஓங்கி ஒரு அடி விழ வேண்டும். அடி விழும்போதே கழுத்து இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டும், கண்கள் இறுக மூடும். அதன் பிறகு அந்த வார்த்தை, வரப்பில் வழுக்கி விழுந்தவன் எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு வருகிற மாதிரி, தயங்கித் தயங்கி வந்து சேரும். குடிக்க வெள்ளம் கேட்க ஒரு அடி என்றால் சாயா கேட்க ரெண்டு. கல்யாணமான புதிதில் துணி துவைக்கும்போது, அவன் உடுத்துகிற சாரம் எல்லாம் வலது தொடைப் பக்கம் மட்டும் நைந்திருப்பதை ஜின்சி கண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவது நின்றுபோயிற்று. சொந்த வீட்டுச் சுவர்க் கடிகாரம் யாருக்குக் கேட்கிறது?

எபிசன் பால்வெட்டுகாரன். களியக்காவிளை பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நடந்தால் வருகிற ரப்பர் விளை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். கிழக்கு வெளுக்கும்போது கத்தியோடு போவான். மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் நிறைந்ததும் வாளியில் எடுத்து வருவான். வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் அதைத் தட்டுகளில் ஊற்றி ஆசிட் கலந்து உறைய வைப்பான். உறைந்ததை இருவருமாக ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்பார்கள். அவன் ஷீட்டை உள்ளே கொடுக்க, ஜின்சி கைப்பிடியைச் சுற்றுவாள். பேசாமலே முடிகிற வேலை. ரப்பர் மரம் யாரிடமும் பெயரும் ஊரும் கேட்பதில்லை என்பதால்தான் அவன் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டான் என்று ஜின்சிக்கு ஒரு எண்ணம்.

இப்படியே போயிருக்கும், ஒருநாள் காலை ஸ்மைலின் தன் தொடையில் அடிக்காமல் இருந்திருந்தால்.

மகள் ஸ்மைலின் யூகேஜி படித்தாள். பிள்ளைக்குத் திக்கல் கிடையாது. தண்ணீர் மாதிரிப் பேசும். அன்றைக்கு இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தன் குட்டித் தொடையில் ஒரு அடி அடித்து, கழுத்தை வெட்டி, கண்ணை மூடித் திறந்து, "அம்மா, சீனி" என்றது. ஜின்சி சிரித்துவிட்டாள். மறுநாளும் அடித்தது. பேச்சைத் தொடங்குகிற முறையே இதுதான் என்று பிள்ளை புரிந்துவைத்திருந்தது. பெரியவர்கள் சாப்பிடும் முன் கை கழுவுவதைப் போல ஒரு மரியாதை. வாசலில் நின்று இதைப் பார்த்த எபிசன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

"ஏ..ஏட்டி," என்றான், தொடையில் அடித்து. "நா.. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. வெளையாட்டாக்கும்."

"பி..பிள்ளைக்கு இல்ல. எ..எனக்கு."

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க அஃப்னா என்ற பெண் இருந்தாள். தேங்காப்பட்டணத்துப் பிள்ளை. படித்து முடித்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது; தலையில் போட்ட ஷாலைச் சரிசெய்துகொண்டே பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு மொதல்லயே செல்லீருதேன். திக்கல நான் அப்படியே பிடுங்கிப் போட்டுர முடியாது. அது கொஞ்சம் இருக்கும், இருந்துட்டுப் போட்டும். நாம ஒதுக்கப் போறது இந்த அடியும் கழுத்து வெட்டும்தான். சரியா?"

"ச..ச..சரி."

"இப்ப கை என்ன செஞ்சு?"

"எ..என்ன செஞ்சு?" என்றான் எபிசன், இன்னொரு அடியோடு.

அவன் அடித்தது அவனுக்கே தெரியவில்லை. அஃப்னா ஒரு கண்ணாடியை அவன் முன்னால் நிறுத்தி, நாளிதழைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். நாலு வரிக்குள் எபிசனின் முகம், பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரன் வாந்தி எடுப்பதைப் பார்த்தவன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"எப்ப இருந்து இப்படி?"

"அ..அஞ்சாங்கிளாஸ். ர..ரசலையன் சார் சொல்லித் தந்தது. தி..திக்கும்போ தொடையில ஒண்ணு போடுலே, வா..வார்த்தை தெறிச்சு வரும்ன்னு."

"வந்துதா?"

"கொ..கொஞ்ச நாளு வந்து."

"அப்படித்தான் அண்ணே. மொதல்ல ஒதவும். பொறவு ஒதவாது, ஆனா போவாமக் கூடவே நிக்கும்."

ஜின்சிக்கு எபிசன் வீட்டுச் சொந்தக்காரர் சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

முறையை அஃப்னா விளக்கினாள். கைக்கு அடிக்கத் தோன்றுகிற அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, வயிற்றிலிருந்து மெதுவாக எடுத்து, உள்ளங்கையை மலர்த்தித் தொடைமேல் வைத்து, விடுகிற மூச்சோடு வார்த்தையையும் பைய இறக்க வேண்டும். கை மலர்ந்திருக்கும்போது அடிக்க முடியாது அல்லவா, அதுதான் சூட்சுமம்.

"வீட்டுல ஒரு ஆளு தொணைக்கு வேணும். ஒரே ஒரு ஆளு. எக்கா, நீங்கதான். சாயங்காலம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசுங்க. அண்ணன் அறியாம அடிச்சா, விரல்முட்டியால மேசையில பைய ரெண்டு தட்டு. திட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது. அடிக்காமப் பேசினா, நல்லா இருந்துன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

அது நடந்தது. ஷீட்டுத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்புமாக உட்காரும்போது இருவரும் பேசினார்கள். ஆரம்பத்தில் ஜின்சி தட்டித் தட்டி விரல் சிவந்தது. பிறகு தட்டு குறைந்தது. ஒருநாள் எபிசன் கையை மலர்த்தி வைத்து, மூச்சை விட்டு, ஒரு முழு வாக்கியத்தை அடியில்லாமல் இறக்கி வைத்தான்.

"இ..இன்னைக்கு மழ பெய்யாது."

அரை மணி நேரத்தில் மழை ஊற்றியது. ஆனாலும் ஜின்சி, "நல்லா இருந்து" என்றாள். ஸ்மைலின் கிழங்கை மென்றுகொண்டே இருவரையும் பார்த்தது. அந்த வாரம் பிள்ளையும் அடிப்பதைப் பாதி மறந்துபோயிற்று.

கெடுத்தது வீட்டு ஜெபக்கூட்டம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வீட்டில் நடக்கிற கூட்டம், அந்த வாரம் எபிசன் வீட்டு முறை. நடத்த வந்தவர் சபைச் செக்ரட்டரி ரசலையன் சார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓய்வு கிடைத்தது, அவருக்கு இல்லை. "சுருக்கமாகச் சொல்லி அமர்கிறேன்" என்று அவர் எழுந்தால் சமையல்கட்டில் பெண்கள் சாயாவுக்கு வைத்த அடுப்பைத் தணிப்பார்கள்.

"இந்த வீட்டுல ஜெபக் குறிப்பு என்னவாக்கும்?" என்றார் சார்.

"அவியளுக்குப் பேச்சுக்கு வைத்தியம் நடக்குது சார். அதுக்காக ஜெபிக்கணும்," என்றாள் ஜின்சி.

"என்ன வைத்தியம்? விவரமாச் செல்லணும் பிள்ள. பாரம் தெரிஞ்சாத்தான் பாரத்தோட ஜெபிக்க முடியும்."

ஜின்சி விவரமாகச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், முக்காலியில் ரெண்டு தட்டுத் தட்டியும் காட்டினாள். வாசல் பக்கம் ஆண்களோடு உட்கார்ந்திருந்த எபிசன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

ரசலையன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு ஆளு தட்டி இவ்வளவு சுகம்ன்னா, சபை முழுக்கத் தட்டினா எவ்வளவு சுகம்?"

அந்தக் கணக்கில் யாருக்கும் பிழை தெரியவில்லை.

"ஒரு ஆளுதான் தட்டணும்ன்னு அந்தப் பிள்ள செல்லிச்சு சார்."

"அது மருத்துவம். இது ஐக்கியம்," என்றார் சார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கல்யாண அறிவிப்புக்கும் காணிக்கையாக வந்த பலாச்சக்கை ஏலத்துக்கும் நடுவில் இது அறிவிக்கப்பட்டது. நம் சபை அங்கம் எபிசன் அவர்களின் சுகத்துக்காகச் சபையார் யாவரும் ஒருமனப்பட்டுத் தட்டும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அந்தச் சபையில் கூரைக்கு நன்கொடை கேட்டு வருஷக்கணக்கில் அறிவித்திருக்கிறார்கள். ஒரு அறிவிப்புக்கு முழுச் சபையும் கீழ்ப்படிந்தது அதுதான் முதல் தடவை.

சாயாக்கடையில் எபிசன் தொடையில் கை வைத்தால் பெஞ்சில் ஏழெட்டு விரல்முட்டிகள் விழுந்தன. பால் சொசைட்டியில் கேனில் தட்டினார்கள். மழையில் வழியில் எதிர்ப்பட்ட பெண்கள் குடைக் காம்பில் தட்டினார்கள். ஷீட்டு வாங்குகிற கடைக்காரர் சிவபிரசாத் சபைக்காரர் அல்ல. ஆனாலும் தராசுப் பலகையில் தட்டிவிட்டு, "நல்ல காரியத்துக்கு நமக்கு ஜாதி மதம் ஒண்ணும் இல்ல வோய்" என்றார். ஜின்சியின் அண்ணன் யோவான் பெந்தெகொஸ்தே. அவன் வீட்டுக்கே வந்து புத்தி சொன்னான்.

"மச்சான், இந்தத் தட்டு முட்டுல ஒண்ணும் போவாது. உபவாசம் இருக்கணும். கேட்டியளா?"

எபிசன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். யோவான் கதவு நிலையில் ரெண்டு தட்டுத் தட்டினான்.

"அவிய அடிக்கவே இல்லியே அண்ணே," என்றாள் ஜின்சி.

"அடிச்சிருவாருன்னு நெனச்சேன்."

ஊரும் அப்படித்தான் நினைத்தது. அடி விழும்வரை காத்திருப்பது நேரக்கேடு என்று, எபிசன் வாய் திறந்தாலே தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு எபிசன் தொடையில் அடிப்பது முற்றிலும் நின்றது. கழுத்து வெட்டும் நின்றது. அது நின்றதை ஊரார் முதலில் கவனித்தார்கள், பேச்சும் கூடவே நின்றதை ஜின்சி மட்டும் கவனித்தாள். அதுவும் உடனே இல்லை. மழை பிடித்துக்கொண்டதால் பால்வெட்டு இல்லாமல் அவன் பகல் முழுவதும் வீட்டில் இருந்தான். குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டாள், தலையாட்டினான். கத்தியைச் சாணை பிடிக்கணுமா, தலையாட்டினான். மேல் விளையில் மரம் ஒன்று காற்றில் முறிந்துவிட்டதாமே, அதற்கும் தலையாட்டினான். சாயங்காலம் மேசையின் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். ஜின்சியின் விரல்முட்டி தயாராக இருந்தது. தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ஆசிட் கலந்த வெள்ளத்தில் நெடுநேரம் விரலை முக்கி வைத்திருந்தால் ஒரு மரப்பு வருமே, தொட்டால் இன்னொருத்தி விரலைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அது உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. வேலைகள் அதுபாட்டுக்கு நடந்தன. கிழங்கு வெந்தது. துணி காயவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அழைக்கப் போனபோது ஷைஜா டீச்சர் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஸ்மைலினுக்க தொடை அடி நின்னாச்சு. கொள்ளாம், நல்ல பிள்ள."

"ஆமா டீச்சர்."

"ஆனா பேச்சும் நின்னாச்சு. பாட்டுப் பாடச் சொன்னா வாயத் தொறக்கல்ல. பேரு கேட்டா தலைய ஆட்டுது. வீட்டுல ஏதாம் பிரச்சினை உண்டா?"

ஸ்மைலின் தன் தண்ணீர்க் குப்பியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. ஜின்சியும் தலையைத்தான் ஆட்டினாள்.

அஃப்னாவிடம் மறுபடி போனபோது, கேட்கப்பட்டது எபிசனிடம் என்றாலும் பதில் எல்லாம் ஜின்சி சொன்னாள்.

"அடிக்கியளா?"

"இல்ல."

"பேசுதியளா?"

"இல்ல."

அஃப்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தட்டுதது நீங்க மட்டும்தான எக்கா?"

"சபையும் தட்டுது."

"சபைன்னா, ஒரு பத்துப் பேரு?"

"எரநூறு குடும்பம் உண்டு." கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்று ஜின்சி சேர்த்துக்கொண்டாள்: "பெந்தெகொஸ்தேல ஒரு ஆளும் உண்டு. ஷீட்டுக் கடைக்காரரும்."

அஃப்னா பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிள்ளையைப் பற்றியும் கேட்டறிந்தாள். பிறகு எபிசனைப் பார்த்துச் சொன்னாள், "அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. எக்கா, எல்லாத் தட்டயும் நிப்பாட்டச் செல்லுங்க. நீங்களும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அடிச்சுட்டுப் பேசினாலும் பேசட்டும், அதப் பார்த்துப் பிள்ளையும் பேசட்டும். பேச்சு இருந்தாத்தான் அதுல உள்ள பழக்கத்த நான் திருத்த முடியும். பேச்சே இல்லன்னா எனக்கு இஞ்ச என்ன வேலை?"

ஜின்சி ரசலையன் சார் வீட்டுக்குப் போனாள். மழை விட்டிருந்த நேரம்; சார் ஹோஸ் பிடித்துக் குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்திலும் அவர் கையால் ஒரு தரம் விடாவிட்டால் அவருக்குத் திருப்தி இல்லை.

"நிப்பாட்டவா? எபிசனுக்குச் சுகமானதுக்கு வாற ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையாக்கும் பிள்ள. நோட்டீஸ்ல போட்டாச்சு."

"அவிய பேச மாட்டங்கியாவ சார்."

"தொடையில அடிக்கானா?"

"இல்ல."

"பின்ன? நாம என்னத்துக்கு ஜெபிச்சோம்? அடிக்காம இருக்கதுக்கு. கேட்டது கெடச்சாச்சு. பேச்சுக்கு வேணும்னா தனியா ஒரு குறிப்பு தா, அடுத்த மாசம் எடுக்கலாம்."

ஜின்சி போகத் திரும்பினாள். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டாள். "அஞ்சாங்கிளாஸ்ல அந்த அடியச் சொல்லிக் குடுத்தது சாருதானாமே?"

சாரின் முகம் மலர்ந்தது. "எபிசன் சொன்னானா? பாத்தியா, அப்பமும் அவனுக்கு வழி காட்டினது நான்தான்."

ஞாயிற்றுக்கிழமை எபிசன் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். ஸ்மைலின் பாயில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தது. ரசலையன் சார் சுருக்கமாகச் சொல்லி அமர எழுந்தார். மனிதனுக்குப் பேச்சு எப்படி உண்டானது என்பதில் தொடங்கி, ஒற்றுமையால் சாதித்த தேசங்கள் வழியாக, செக்ரட்டரியாகத் தான் பொறுப்பேற்ற பிறகு சபையில் நடந்த மராமத்துகளைத் தொட்டு, ஒருவழியாக எபிசனிடம் வந்து சேர்ந்தார்.

"சகோதரன் எபிசன் இப்போது தன் வாயாலேயே ரெண்டு வார்த்தை சொல்லுவார்."

எபிசன் மைக்கின் முன்னால் போய் நின்றான். ஜின்சி பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தாள். அவன் வலது கை தொடையை நோக்கி இறங்கியது. அது இறங்கும்போதே பெஞ்சு முதுகுகளின் மேல் விரல்முட்டிகள் உயர்ந்தன, ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு. கை பாதியில் நின்றது. மலர்ந்தது. மலர்ந்த கையைத் தொடைமேல் வைத்து, அஃப்னா சொன்னபடியே மூச்சை வெளியே விட்டான். மைக்கில் அது காற்று மாதிரி சபை முழுக்கக் கேட்டது. உள்ளே எடுத்தான், மறுபடி விட்டான். முறையெல்லாம் சரியாக இருந்தது. அதன்மேல் இறங்குவதற்கு வார்த்தை மட்டும் வரவில்லை.

ரசலையன் சார் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "ஆனந்தத்தின் மிகுதியால் சகோதரனுக்கு நா எழவில்லை," என்றார். சபையார் கைதட்டினார்கள். எபிசன் சட்டைப்பையிலிருந்த ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைத் தட்டில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். வாசலில் எல்லோருக்கும் கேக்கும் சாயாவும் கொடுத்தார்கள். நிறையப் பேர் எபிசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் எல்லோருக்கும் தலையாட்டினான். ஸ்மைலினிடம் ஒருத்தி, "அப்பாவுக்குச் சுகமாச்சே மக்கா, சந்தோஷமா?" என்று கேட்டாள். அதுவும் தலையாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பால்வெட்டு கிடையாது. ஆனால் சனிக்கிழமை மழை இடைவெளி விட்டபோது எடுத்த பால் தட்டில் உறைந்து கிடந்தது; வைத்திருந்தால் கெட்டுப்போகும். மத்தியானம் உடை மாற்றிவிட்டு இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. எபிசன் ஷீட்டைக் கொடுக்க, ஜின்சி கைப்பிடியைச் சுற்றினாள். வெள்ளை வெளேரென்று ஷீட் மறுபக்கம் இறங்கியது.

ஸ்மைலின் கோயிலுக்குப் போட்ட கவுனோடு கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஷீட்டின் ஓரத்தில் பிசிறு வெட்டினால் நீளமாக ஒரு வார் கிடைக்கும். அதை இழுத்து விளையாடுவது அதற்குப் பிடிக்கும். ஷீட்டைக் கையால் காட்டியது. எபிசன் பார்த்தான். பிள்ளை மறுபடி காட்டியது. வாயைத் திறக்கவில்லை, பேச்சு நின்ற பிறகு சாயாக்கடையில் அவன் கிளாஸைக் காட்டுவானே, அப்படியே ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டியது.

எபிசன் ஷீட்டைத் தட்டில் போட்டான். பிள்ளையின் விரலைப் பார்த்தான். பிறகு கையை ஓங்கித் தொடையில் ஒரு அடி அடித்தான். நனைந்த சாரத்தில் நனைந்த கை பட்டு மண்ணில் சக்கை விழுந்த மாதிரிச் சத்தம் வந்தது. கழுத்து வெட்டியது, கண் மூடியது.

"ஸ்.. ஸ்.. ஸ்.."

ஜின்சியின் வலது கை கைப்பிடியை விட்டுவிட்டிருந்தது. விரல்கள் மடங்கி, ரோலரின் மரக்கட்டைக்கு மேலே, தட்டுவதற்குத் தயாராக நின்றன. அவள் அனுப்பவில்லை; அது தானாகப் போய் நின்றது. யாருடையதோ ஒரு கையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு போகிறவள் மாதிரி, பக்கத்திலிருந்த தட்டின் ஆசிட் வெள்ளத்துக்குள் மணிக்கட்டு வரை முக்கினாள்.

"ஸ்.. ஸ்மைலின்," என்றான் எபிசன். இன்னொரு அடி. "எ.. என்ன வேணும் மக்களே?"

பிள்ளை முதலில் அம்மாவின் கையைத் தேடிப் பார்த்தது. கை வெள்ளத்துக்குள் இருந்தது. அது அங்கேயே இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தது. அதன் பிறகு தன் கவுனின்மேல், வலது தொடையில், பொத்தென்று ஒரு அடி அடித்து, கழுத்தை வெட்டி, "எனக்கு வாரு வேணும்" என்றது.

எபிசன் கத்தியை எடுத்து ஷீட்டின் ஓரத்தை நீளமாக அறுத்துக் கொடுத்தான். பிள்ளை அதை வாங்கிக்கொண்டு தடையில்லாமல் பேசிக்கொண்டே உள்ளே போயிற்று, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு அடியாக. மழைக்குள்ளும் அது கேட்டது.

ஜின்சி கையை வெளியே எடுக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துக்கொண்டு வந்தன. எபிசன் அடுத்த ஷீட்டைத் தூக்கி ரோலரின் வாயில் வைத்துக்கொண்டு, அவள் சுற்றுவதற்காகக் காத்து நின்றான். அவள் இடது கையால் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள்.